ஜெர்மன் சூசையின் சாலை

எங்கள் தோட்டத்து முள்வேலி வாசலில் இனிமேல் சைக்கிள் சீட்டையும் கழற்றிப் பார்ப்பது என்று நிர்வாகம் தீர்மானித்த நாளை நாட்டின் வரலாறு குறித்துக்கொள்ளும் என்றே நினைத்தேன். சீட்டுக் குழாயில் அரிசி நிரப்பிக் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கடத்துகிறார்களாம். பிரிட்டிஷ் பேரரசின் பாதுகாப்பே அந்தக் குழாயில் இருந்தது. போன வாரம், சூசை காய்ச்சலில் போய்விட்டார் என்று தோட்டத்து ஆள் ஒருவர் ரஹாங்கில் என் வீட்டுக்கு வந்து சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தீர்மானம்தான்.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் ஜெர்மன் சூசை. துரை பங்களாவில் கழித்துப்போட்ட பத்திரிகையில், மலைச்சாலையில் குனிந்து ஓட்டும் ஜெர்மன் பந்தய வீரர் ஒருவரின் படம் இருந்தது. சூசை அதை வெட்டித் தொழிலாளர் லயத்தில் தன் வீட்டுக் கதவில் ஒட்டினார். அன்றிலிருந்து, பத்திரிகை வரும்போதெல்லாம் அந்த வீரரின் செய்தியைப் படித்துச் சொல்வதும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான என் வேலையாயிற்று.

காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் பெண்களே கேட்பார்கள்: "கிராணி ஐயா, நம்ம ஜெர்மன்காரரு ஜெயிச்சாரா?" பத்திரிகை கப்பலில் வந்து, துரை படித்து, துரைசானி படித்து, எங்களிடம் சேர மாதங்கள் ஆகும். என்றோ முடிந்துபோன பந்தயத்துக்காக லயமே வேண்டிக்கொண்டது. ஒருமுறை அவர் விழுந்து கை முறிந்த செய்தியைப் படித்தேன். "இந்நேரம் கட்டுப் பிரிச்சிருப்பாங்கலா. நீங்க ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க?" என்று சூசைதான் என்னைத் தேற்றினார்.

மாலையில் வாசல் மூடிய பிறகு வேலியோரமாகவே சுற்றிச் சுற்றி ஓட்டுவார். "எந்த ஊரு வரைக்கும் போயிட்டீங்கண்ணே?" என்று குழாயடியில் கேலி எழும். "ரெம்பாவ் தாண்டிட்டேன் தங்கச்சி, என்னா வாங்கியாரணும்?"

செரம்பானிலிருந்து ரெம்பாவ் போய்த் திரும்பும் பந்தயம் அறிவிக்கப்பட்டது. முதலில் வருபவர் கோலாலம்பூர் பந்தயத்துக்குப் போகலாம். "வேலி இல்லாத ரோட்டுல அவ்ளோ தூரம் ஓட்டிப் பாக்கணும் ஐயா" என்றார். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். துரையிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில், ரஹாங்குக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடி. பந்தயக்காரர்களை நிறுத்துவதில்லை என்று சொல்லித் தடுப்பையும் தூக்கி வைத்திருந்தார்கள். தோட்டத்து லாரியில் நாங்கள் அங்கே காத்திருந்தோம். சூசை தனியாக வந்தார். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒருவரும் இல்லை. சாவடியைப் பார்த்ததும் நிறுத்தினார், இறங்கினார், சட்டைப்பையிலிருந்த ஸ்பேனரை எடுத்துச் சீட்டைக் கழற்றி, குழாயைக் காவலர் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"ஜாலான்! ஜாலான்லா!" என்று போகச் சொல்லி மலாய்க் காவலர் கையை வீசினார்.

"அண்ணே, பந்தயம்ணே! ஏறுங்க!" என்று லாரியிலிருந்து கத்தினார்கள்.

"இருங்கலா, பாத்துறட்டும்."

காவலர் குனிந்து பார்த்த பிறகுதான் சூசை சீட்டை மாட்டினார். அதற்குள் நால்வர் கடந்துவிட்டார்கள். ஸ்பேனர் கையிலிருக்க, அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதற்கு முந்தைய காட்சியை. சாவடிக்கு மேலே உள்ள இறக்கத்தில், கைகள் இரண்டையும் விட்டுவிட்டு, சட்டை காற்றில் உப்ப, சாலையே தனக்கென்று போட்டதைப்போல் அவர் வந்தது. மழை விட்ட மாலைகளில் அந்த இறக்கத்தின் பக்கம் போய்ச் சற்று நேரம் நிற்கிறேன்.

அந்த ஆண்டு கோலாலம்பூருக்கு ஒரு ரொட்டிக் கடைக்காரரின் மகன் போனார்.