காருக்குக் கேஸ் அடித்த நாள்

சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு என் கணவர் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவரானார். காலையில் ஒரு சின்னப் போத்தலில் நிரப்பி மேசையில் வைப்பேன். அன்று முழுக்க அவ்வளவுதான். மாத்திரை விழுங்குவதும் அதில்தான், குடிக்கிற தேத்தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் கழியும். தாகம் தாங்க முடியாதபோது ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்புவார். துப்பும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

கிழமையில் மூன்று நாள் அவருக்கு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கல்முனையில் அந்த இயந்திரத்துக்கு ஏற்கனவே பலர் காத்திருந்ததால் எங்கள் ஊர் அட்டாளைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போய்வந்தோம். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டால், எல்லாம் முடிந்து திரும்பும்போது உச்சி வெயில் பிடித்துவிடும். சுத்திகரித்து முடிந்த பிறகு அவருக்கு எழுந்து நிற்பதே பாடு. நான் கார் ஓட்டப் பழகியது அதற்காகத்தான்.

கலியாணம் முடித்து அடுத்த வருசமே கட்டாருக்குப் போனவர் அவர். அங்கே பெரிய கட்டடங்களின் மொட்டை மாடிகளில் ஏசி திருத்துகிற வேலை. லீவில் வருவார், கொஞ்ச நாள் நிற்பார், போய்விடுவார். எங்களுக்குப் பிள்ளைகள் கிடைக்கவில்லை. எங்கள் குடும்ப வாழ்க்கையில் பெரும்பங்கு டெலிபோனில்தான் நடந்தது. ஒரு முறை லீவில் வந்தவரின் கால் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டியபோதுதான் விசயம் தெரிந்தது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்ததாலா, பிறஷரைக் கவனிக்காமல் விட்டதாலா, நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றார் டாக்டர். அதன் பிறகு அவர் திரும்பிப் போகவில்லை.

எங்களிடம் இருந்தது பழைய சின்னக் கார். பங்குனி மாதம் அதன் ஏசி சுடுகாற்று வீசத் தொடங்கியது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். வெளியிலிருந்து வந்ததும் சுடுகாற்றுத்தான். கல்லடிப் பாலத்தில் மட்டும் கொஞ்சம் ஈரக்காற்று முகத்தில் படும். அதைத் தாண்டினால் கல்முனை வரைக்கும் தார்ரோட்டின் வெக்கை. அவர் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டே வருவார். வீட்டுக்கு வந்து சேரும்போது அவருடைய சின்னப் போத்தல் முடிந்திருக்கும், நாளில் பாதி மிச்சம் இருக்கும்.

அப்படி ஒரு நாள் களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, ரோட்டோரம் இளநீர் குவித்து வைத்திருந்த இடத்தில் அவர் என் கையைத் தொட்டார்.

“நிப்பாட்டு புள்ள.”

“மச்சான், இளநி உங்களுக்குக் கூடாதே. டாக்டர் எவ்வளவு சொன்னாரு.”

“எனக்கில்ல. நீ குடி.”

நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. இறக்கியிருந்த கண்ணாடியால் கையை நீட்டி ஒன்று வாங்கி என் கையில் தந்தார். நான் குடிக்கக் குடிக்க என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல இனிப்பா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“நல்லது. குடி.”

பாதிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை. இளநீர்க்காரர் பார்க்காத நேரம் மிச்சத்தை மண்ணில் ஊற்றிவிட்டுக் காரை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் சொன்னேன், “இந்த ஏசியச் செய்யாம இனி ஏலா மச்சான்.”

பக்கத்துக் கராஜில் கேட்டுப் பார்த்தோம். காரை விட்டுவிட்டுப் போக வேண்டும், எத்தனை நாள் சுணங்கும் என்று சொல்ல ஏலாது என்றார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டக்களப்புக்குப் போகிற நாங்கள் காரை எப்படி விடுவது. திரும்பி வரும் வழியில் அவர், “நாம வீட்டயே கேஸ் அடிப்பம்” என்றார்.

“உங்கட கை ஏலாதே.”

“என்ட கை ஏலாதுதான். உன்ட கை இரிக்கே.”

அவருடைய இடது கையில், ஊசி குத்துவதற்காக இரத்தக்குழாய் இரண்டை ஒன்றாக இணைத்திருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தொட்டால் உள்ளே தேனீ இரைவது போல இரையும். முதல் நாட்களில் எனக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி இல்லாத நாள். கல்முனையில் வாகனச் சாமான் கடையில் கேஸ் டின் வாங்கி வந்தோம். அவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து நான் இறக்கினேன். உள்ளே பழைய பெனியனில் சுற்றிய, கேஸ் அழுத்தம் பார்க்கிற இரட்டை மீட்டர் இருந்தது, நீலக் குழாயும் சிவப்புக் குழாயும் தொங்க. அவர் அங்கே என்ன வேலை செய்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலையின் ஒரு சாமானையாவது அதுவரை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

வீட்டு வளவுக்குள் மாமர நிழலில் காரை நிறுத்திப் பொனட்டைத் திறந்தோம். அவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டிவிட்டார். கையுறையும் போடச் சொன்னார்.

“கேஸ் கண்ணுல பட்டா கண் போகும். கையில பட்டா தோல் வெந்த மாதிரி உரியும். குளிராலயும் வேகும் புள்ள, தெரியுமா?”

எனக்குத் தெரியாது.

ஏசியின் தடித்த குழாயைத் தேடிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அதில் இருந்த வால்வுக்கு மூடி இல்லை. சவர்க்காரத்தை நுரைத்து அதன் மேல் தடவச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நுரைக்குள் சின்னச் சின்னக் குமிழி எழும்பி வந்தது. அவர் குனிந்து பார்த்தார். கன நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டேன்.

“இந்தா, இதாலதான் போகுது. வேற ஒண்டுமில்ல.”

பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்துத் தந்தார். வால்வுக்குள் இருந்த ஊசியை அதால் இறுக்கினேன். புஸ் என்று ஒரு தரம் சீறியது, நான் கையை இழுத்துக்கொண்டேன். “பயப்புடாத, இன்னும் கொஞ்சம் இறுக்கு” என்றார். மறுபடி நுரை தடவினோம். குமிழி வரவில்லை.

பிறகு நீலக் குழாயை வால்வில் மாட்டினேன். மீட்டரின் ஊசி கொஞ்சம் எழும்பி நின்றது. உள்ளே இன்னும் கேஸ் இருக்கிறது, முழுக்க வெறுமையாகியிருந்தால் காற்றை உறிஞ்சி எடுக்கிற மெசின் இல்லாமல் நாம் இதைத் தொட ஏலாது என்று விளங்கப்படுத்தினார். டின்னை மீட்டரில் மாட்டி, குழாய்க்குள் நின்ற காற்றைக் கொஞ்சம் வெளியே விடவைத்தார். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏசியை முழுதாகத் திறந்துவிட்டு வந்தேன்.

“இப்ப நீலத்த மெல்லத் திற. சிவப்பத் தொடவே வேணாம். அதத் திறந்தா டின் வெடிக்கும்.”

“அப்படியெண்டா அத ஏன் வச்சிரிக்காங்க?”

அவர் சிரித்தார். “அது வேற வேலைக்கி. நாம சின்ன வேலை செய்றம்.”

டின்னை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையுறைக்கு மேலாலேயே குளிர் ஏறியது. டின்னின் அடியில் வெள்ளையாகப் பனி படிந்தது. கொம்ப்ரசர் டக் என்று பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அது விடாமல் ஓடத் தொடங்கியது.

“காணும். மூடு.”

“டின்னுல இன்னும் இரிக்கி மச்சான்.”

“இரிக்கட்டும். கூடினாலும் குளிராது.”

எழுந்து வந்து வலது கையால் தடித்த குழாயைத் தொட்டுப் பார்த்தார். அதன் மேல் வியர்வை போல நீர்த்துளி கோத்திருந்தது. ஈரமான விரலை உதட்டில் வைத்துவிடுவாரோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அவர் உடுத்திருந்த சாறத்தில் துடைத்துக்கொண்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் காருக்குள் இருந்தோம். வளவை விட்டு எங்கும் போகவில்லை. குளிர்காற்று முகத்தில் அடித்தது. என் கையுறையைக் கழற்றி, என் விரல்களைத் தன் வலது கைக்குள் வைத்துக்கொண்டார். கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்து முடித்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதன் பிறகு வந்த மாதங்கள் எங்களுக்கு நல்ல மாதங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடிகளை ஏற்றிவிடுவேன். காருக்குள் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அவர் கட்டார்க் கதைகளைச் சொல்வார். மொட்டை மாடியில் ஏசிகள் வரிசையாக நின்று சுடுகாற்றைக் கக்குமாம். அவற்றுக்கு நடுவில்தான் அவர்களுக்கு வேலையாம். தண்ணீர் கூடக் குடித்தால் மலசலகூடத்துக்கு அத்தனை மாடியும் இறங்கி ஏற வேண்டும் என்று குடிக்காமலே இருப்பார்களாம்.

“நான் கோல் எடுக்கக்குள்ள ஒரு இரைச்சல் கேக்குமே, நினைவிரிக்கா?” என்று ஒரு நாள் கேட்டார்.

“லைன் சரியில்ல எண்டு நினைச்சன்.”

“லைனில்ல. அந்த மெசினுகள்தான். அதுக்குப் பின்னால கொஞ்சம் நிழல் இரிக்கும். அங்க இரிந்துதான் உன்னோட கதைப்பன்.”

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அந்த இரைச்சலுக்காக எத்தனை தரம் அவரோடு எரிந்து விழுந்திருப்பேன், கேட்கவில்லை என்று எத்தனை தரம் போனை வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பாண்டிருப்புக்குக் கிட்ட வந்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார்.

மாரி மழை தொடங்குவதற்கு முன்பே ஒரு நாள், “ஏசியக் கொஞ்சம் குறை புள்ள” என்றார். குறைத்தேன். அடுத்த கிழமை, “நிப்பாட்டு” என்றார். இரத்தம் குறைந்துகொண்டே போகிறது, அதனால்தான் குளிர்கிறது என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டார்கள், இரத்தமும் ஏற்றினார்கள். இரண்டொரு நாள் நன்றாக இருப்பார், பிறகும் குளிரும். நல்ல வெயிலில் போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடியை இறக்கினால் வரும் காற்றும் அவருக்குக் கூடாமல் போயிற்று. ஏசியும் இல்லாமல், கண்ணாடியும் பூட்டியபடி, மட்டக்களப்பிலிருந்து அட்டாளைச்சேனை வரைக்கும் ஓட்டினேன். அபாயாவுக்குள் முதுகெல்லாம் நனைந்துவிடும். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரியும்.

“உனக்கு வெக்க தானே. உன்ட பக்கத்துக் கண்ணாடியயாவது இறக்கு.”

“இல்ல மச்சான். எனக்கு நல்லாத்தான் இரிக்கி.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். போர்வையின் நுனியால் என் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

தை மாதம், ஆஸ்பத்திரியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இதயம் நின்றுபோனது. நான் வெளியே வாங்கில், மற்ற நோயாளிகளின் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். தாதி வந்து என் பெயரைக் கூப்பிடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. என் தம்பி வந்தான், ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவருடைய மையித்தை வேனில் கொண்டுவந்தார்கள். எங்கள் காரை யார் ஓட்டி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று மாலை மஃரிப் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டார்கள்.

கணவன் இறந்தவள் வெளியே போகாமல் இருக்கும் இத்தாக் காலம் முழுக்க நான் அறைக்குள் இருந்தேன். தம்பி இடைக்கிடை வந்து காரை ஸ்டார்ட் பண்ணிவைப்பான். “ஏசியையும் கொஞ்ச நேரம் போட்டு விடு, நிண்டா பழுதாகும்” என்று ஜன்னலால் சொல்வேன். அது அவர் சொல்லித் தந்தது. கட்டாரில் அவர் இருந்த காலத்திலும் நான் இந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். அப்போது லீவு எப்போது என்று கலண்டரைப் பார்ப்பேன். இப்போது கலண்டரில் பார்க்க ஒன்றுமில்லை.

இத்தா முடிந்த பிறகு ஒரு நாள் நானே காரை எடுத்தேன். அவரை அடக்கிய மையவாடிக்குப் பக்கத்து ரோட்டில் மதிலோரம் நிறுத்தினேன். எங்கள் ஊரில் பெண்கள் உள்ளே போவதில்லை. காருக்குள் இருந்தபடியே உள்ளே பார்த்தேன். மணலில் தலைமாட்டுக்கு நட்ட மீசான் கட்டைகள் ஒன்றைப் போல ஒன்று நின்றன. எது அவருடையது என்று தம்பி சொல்லியிருந்தான், வேப்பமரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வரச் சொல்லி. எண்ணினேன். நடுவில் கண் கலங்கி எண்ணிக்கை பிசகியது. திரும்பவும் எண்ணினேன், அப்போதும் நிச்சயமாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் சேர்த்து யாசீன் ஓதினேன்.

பின்னால் ஓட்டோ ஒன்று வந்து ஹோர்ன் அடித்தது. ரோடு ஒடுக்கம், நான் நகராமல் அதற்கு வழியில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தேன்.