கட்டில் சட்டத்தில் விழுந்த சொட்டு

சுதந்திரம் வந்த மறுவருஷம், ஆடித்தபசு முடிந்த வாரத்தில் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் அவருக்குக் குரல் எழும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் மோதிர விரலால் ‘டொக்’ என்று தட்டுவார். அடுப்படியில் என்ன வேலையில் இருந்தாலும் “இந்தா வாரேன்” என்று ஓடுவேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் அந்தத் தட்டல் மறுபடி கேட்டது. கையில் இருந்த அகப்பையோடு ஓடினேன். கட்டில் காலியாகத்தான் கிடந்தது. மேலே உத்தரக் கட்டையிலிருந்து ஒரு சொட்டு, சரியாக அவர் தட்டும் இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. மழை விட்டு வெகுநேரம் ஆகியும் நிற்கவில்லை. மழைத் தண்ணீர் என்று அறிவுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அந்த மனுஷனுக்கு இன்னும் என்ன தாகம்? கட்டிலை நகர்த்தவும் மனம் வரவில்லை. சத்தம் கேட்டாலும் பயம், நின்றுவிடுமோ என்றும் பயம்.

சிவகிரியிலிருந்து அண்ணன் வந்து பார்த்தான்.

“மச்சு இடிஞ்சு தலையில விழுந்தா யாரு பதில் சொல்லுதது? வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்திரு.”

அவர் கூப்பிடுகிற வீட்டை விட்டு எங்கே போவது? இதை அண்ணனிடம் சொல்ல முடியுமா? சொன்னால் அன்றைக்கே மந்திரிக்க ஆள் கூட்டி வந்திருப்பான். ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைத்தால் இருக்கலாம், இல்லையென்றால் பூட்டு என்று பேச்சு முடிந்தது.

வீட்டின் மேல்தளமான மட்டப்பா காய்ந்ததும் அண்ணன் வாளித் தண்ணீரோடு மேலே ஏறினான். ஒவ்வொரு பக்கமாக ஊற்றிப் பார்ப்பது, நான் கீழே கட்டிலருகே கவனிப்பது என்று ஏற்பாடு.

“ஏட்டி, இப்ப ஒழுகுதா?”

“இல்லண்ணே.”

கட்டிலுக்கு நேர் மேலே ஊற்றினான், ஒன்றுமில்லை. கிழக்கு மூலையிலும் இல்லை. கடைசியில் மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் ஊற்றினான். அது கட்டிலுக்குச் சம்பந்தமே இல்லாத தூரம். சற்று நேரம் கழித்து ‘டொக்’.

“இந்தா வாரேன்” என்று என் வாய் சொல்லிவிட்டது.

“நீ எதுக்கு வார? அங்கனயே இருந்து பாரு!” என்று மேலிருந்து கத்தினான். நான் ஏறிப் போனேன்.

சுவரோரம் ஓர் அரசங்கன்று. எனக்கு அது புதிதல்ல. அவருக்கென்று தினமும் காக்கைக்குச் சோறு வைக்கும் இடம் அதுதான். இரண்டு இலை விட்டபோதே பார்த்து, அவரே வந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீரும் ஊற்றினேன். காக்கை எச்சத்தில் விழுந்த விதை. வேர் செங்கல் இடுக்கில் இறங்க, அதன் வழியே இறங்கிய தண்ணீர் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு நடு அறைவரை வந்திருக்கிறது.

“அரச மரம்ட்டி. வெட்டுனா பாவம்லா” என்று அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு எரிச்சல் வந்தது. கீழே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து நானே தோண்டினேன். வேர் லேசில் வரவில்லை. யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்பதுபோல் இருந்தது. அழுதுகொண்டே பிடுங்கினேன். அந்தப் பள்ளத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அண்ணன் பூசினான். அதற்கு மட்டும் பாவம் இல்லை போலிருக்கிறது.

கார்த்திகையில் பெரிய மழை பிடித்தது. உத்தரத்தில் ஈரம்கூட இல்லை. இனி யாரும் என்னை அந்த வீட்டிலிருந்து கிளப்ப முடியாது. அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்து பார்த்துவிட்டு, கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். மழை விடும்வரை ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு, விரல் முட்டியால் அந்தச் சட்டத்தில் நானே ஒருமுறை தட்டினேன்.