ரோமில் சத்தமில்லாத ஓர் அறை

லண்டனில் இருக்கும் என் தங்கை ஜெசிந்தா, கணவரோடு இரண்டு நாள் ரோமுக்குப் போவதாகச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு, அறை தேடும் வேலையும் என் தலையில் விழுந்தது. இங்கே இலங்கையில், மாத்தளையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் புக்கிங் பார்ப்பவள் நான்.

“டவுன் நடுவுல இருக்கணும்க்கா. ஆனா சத்தமே கேக்கக் கூடாது. அவருக்கு ஆகாது.”

நான் இன்னும் நாங்கள் பிறந்த எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இருக்கிறேன். நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டு இருமல் என் தலையணைவரை வரும். பல்லைக் கடித்துக்கொண்டு, முற்றம் பார்த்த பின்பக்க அறை ஒன்றைத் தேடிக் கொடுத்தேன்.

அவர்கள் போய் இறங்கிய மறுநாள் விடியற்காலை, நான் தேத்தண்ணீர் ஊற்றும்போது அழைத்தாள். அங்கே இன்னும் இரவு.

“அவரு தூங்கிட்டாரு. எனக்குத்தான் ஒரு சத்தமும் இல்லாம பயமா இருக்கு. போனைக் கொஞ்சம் செவுத்துக்கிட்ட வைங்கக்கா.”

வைத்தேன். பக்கத்து வீட்டு அத்தை பாத்திரம் உருட்டினார், அவர் கணவர் இருமினார், ரேடியோ கரகரத்தது. சற்று நேரத்தில் போனில் ஜெசிந்தாவின் குறட்டை கேட்டது.

ரோமும் அவளுக்கு, எங்கள் லயத்துச் சத்தமும் அவளுக்கு. பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் வேலைக்குக் கிளம்பும்வரை நான் போனைச் சுவரருகிலிருந்து எடுக்கவில்லை. அவளுக்குக் கேட்கட்டும் என்று, என் பாத்திரங்களையும் கொஞ்சம் பலமாகவே கழுவினேன்.