இனாஸின் நூலகத்துக்கு ஒரு முத்திரை

ஹாஜி ரிஃபத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் முத்திரையில்தான் ஆரம்பிப்பார்கள். தமன்ஹூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கழுகு முத்திரை அவர் பொறுப்பில் இருந்தது. அந்த நீல வட்டம் விழாத காகிதத்தை எகிப்தில் எந்த அதிகாரியும் கையால்கூடத் தொட மாட்டார். மற்ற இடங்களில் முதல் பக்கத்தில் ஒன்று குத்தித் தள்ளிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு பக்கத்திலும் குத்துவார், நிதானமாக, வட்டம் கலையாமல். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள்.

"ஹாஜி, மாட்டுக் கடனுக்குத்தான் வந்தேன். மாட்டையும் கூட்டிட்டு வரவா? அது முதுகுலயும் ஒண்ணு குத்திடுங்க" என்று ஒருவன் சொன்னபோது நான் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஹாஜி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "முதல் பக்கத்துல மட்டும் குத்தினா மத்த பக்கமெல்லாம் யாரோடதுன்னு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஓய்வு பெறும் நாள் வரை அப்படித்தான் இருந்தார்.

அவருக்கு ஒரே மகள், இனாஸ். அலெக்ஸாண்ட்ரியாவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வாய்க்கால் நத்தைகளிலிருந்து மனிதர்களுக்கு வரும் நோய்தான் அவள் பாடம். எங்கள் நைல் டெல்டாக்காரர்களுக்கு அந்த நோயை விளக்க வேண்டியதில்லை, எல்லார் வீட்டிலும் அதனால் ஈரல் கெட்ட ஒருவர் உண்டு. விடுமுறைக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது விவசாயச் சாலை என்கிற நெடுஞ்சாலையில் மைக்ரோபஸ் கவிழ்ந்து இறந்தாள். கைப்பேசியும் நசுங்கிப்போனது.

துக்கக் கூடாரத்தின் வாசலில் ஹாஜி நின்று வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். முத்திரை மேசையில் இருந்த அதே முகம். மரணச் செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னது, மைத்துனர் சொன்னார், தெருவே சொன்னது. ஹாஜி தன் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் 'அந்த விஷயத்துக்கு அப்புறம்' என்பார், அதோடு சரி.

நான் ரயில் நிலையத்துப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். பெயர் எஸ்ஸாம். ஸ்க்ரூடிரைவர் பிடித்தவனையெல்லாம் இன்ஜினியர் என்று கூப்பிடும் ஊர் என்பதால் என் பெயர் என் அம்மாவுக்கு மட்டும்தான் பயன்படுகிறது. அந்த விஷயத்துக்கு அப்புறம் ஒரு வருடம் கழித்து ஹாஜி என் கடைக்கு வந்தார்.

"இன்ஜினியரே, இனாஸோட கம்ப்யூட்டர் பாதியில பாதியில நின்னு போகுது."

"தூக்கிட்டு வாங்க ஹாஜி, பார்த்துடலாம்."

"அது வீட்டை விட்டு வராது."

"அதுக்கு என்ன காலா இருக்கு? நீங்கதானே தூக்கணும்."

"வராது" என்றார் மறுபடியும். அங்கேயே நின்றார். அவர் அப்படி நின்றால் வரிசையில் நிற்பது நாம்தான் என்று தோன்றிவிடும். கடையைப் பூட்டிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

மூன்றாம் மாடியில் இனாஸின் அம்மா, உம்மு இனாஸ், கதவைத் திறந்தார். "வாப்பா இன்ஜினியர். நீயாவது அதை ஒரேயடியா ரிப்பேர் பண்ணு, இல்ல ஒரேயடியா உடைச்சுப் போடு. அந்த மவுஸைப் புடிச்ச நேரத்துக்கு என் கையைப் புடிச்சிருந்தா ரெண்டாம் கல்யாணமே ஆகியிருக்கும்." சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். ஹாஜி காதில் விழாத மாதிரி நாற்காலியை எனக்காக நகர்த்தினார்.

அது கிழட்டுக் கம்ப்யூட்டர். உலகமே வேறு கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் இனாஸ் மாறாமல் வைத்திருந்தது. அதில் அவளுடைய நூலகம் இருந்தது. கல்லூரிக் கிடங்குகளில் கரையான் அரிக்கக் கிடந்த பழைய ஆய்விதழ்களையெல்லாம் ஸ்கேன் செய்து, கட்டுரைகளை அடுக்கிவைக்கும் ஒரு மென்பொருளில் ஆயிரக்கணக்கில் சேர்த்திருந்தாள். இங்கே சேர்ப்பது இணையத்தில் உள்ள பொது நூலகத்துக்குப் போய்விடும். காசு கட்டிப் படிக்க வழியில்லாத மாணவர்கள் சூடானிலிருந்தும் ஏமனிலிருந்தும் அதைத் திறந்து படித்துக்கொண்டிருந்தார்கள். போவதும் வருவதுமான அந்த சிங்க்தான் இப்போது பாதியில் செத்துப்போகிறது. திரை உறையும், விசிறி அலறும், மென்பொருள் தானாக மூடிக்கொள்ளும்.

"புதுசா ஒண்ணு வாங்கி அதுல போட்டுடலாமே ஹாஜி. இதுக்கு வயசாயிடுச்சு."

"பாஸ்வேர்டு தெரியாது. அவ போன்ல இருந்துச்சு. இந்த ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அவ கணக்கு திறந்தபடி இருக்கு. மூடினா மூடினதுதான்."

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எனக்கு முன்னால் ஒருவன் வந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்று சொன்னானாம். உம்மு இனாஸ் அவனுக்கு டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். நல்ல வேலை செய்தார். எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு அந்த ஒரு வைத்தியம்தான் தெரியும்.

"பயன்படுற கல்விய விட்டுட்டுப் போனா, மத்தவங்க படிக்கிற வரைக்கும் போனவங்களுக்கு நன்மை போய்க்கிட்டே இருக்கும்" என்றார் ஹாஜி, அலுவலக விதி சொல்வது போல. "படிக்கிறவங்க அவளுக்காக ஒரு பாத்திஹா ஓதினா அதுவும் போகும். நின்னுட்டா நின்னுடும். அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

முதலில் தானாக சிங்க் ஆவதை நிறுத்தினேன். மென்பொருள் அமைதியாகத் திறந்துகொண்டது. ஆக நோய் போக்குவரத்தில்தான் என்று தெரிந்தது. எதைத் தொடுவதற்கும் முன்னால் மொத்த நூலகத்துக்கும் ஒரு நகல் எடுக்க வேண்டும். என்னிடமிருந்த வெளி டிஸ்க்கைச் செருகி நகலெடுக்கவிட்டு, டீயையும் வெண்ணெய் ஒழுகும் ஃபதீர் அடையையும் ஒரு கை பார்த்தேன். திரும்பி வந்து பார்த்தால், டிஸ்க் நிறைந்துவிட்டது, இடம் போதவில்லை என்கிறது திரை.

அது நடக்கவே முடியாத விஷயம். கட்டுரைகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அந்த டிஸ்க்கின் ஒரு மூலைக்குக் காணாது. எது பெரிது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒரே அளவில், ஒரே பெயரில், படங்கள். திரையை உருட்ட உருட்ட முடியவே இல்லை. ஒன்றைத் திறக்கச் சொன்னேன். கிழட்டுக் கம்ப்யூட்டர் மூச்சிரைத்து, மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டியது.

இனாஸின் படம். முதுகலை ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளில் எடுத்தது. கறுப்பு அங்கி, பச்சைப் பட்டை, சிரிப்பை அடக்கிக்கொண்ட உதடு. கீழே ஸ்டுடியோக்காரன் தங்க எழுத்தில் போட்டிருந்தான்: 'மறைந்த இனாஸ் ரிஃபத்துக்காக ஒரு பாத்திஹா ஓதுங்கள்.' தெருமுனையில் பேனர் கட்டும் அளவுக்குப் பெரிதாக ஸ்கேன் செய்து கொடுத்திருந்தான் அந்தப் புண்ணியவான்.

"ஹாஜி, என்ன இது?"

"ஒவ்வொண்ணுலயும் வச்சேன்."

"ஒவ்வொண்ணுலயும்னா?"

"நாப்பதாம் நாள் கழிஞ்ச மறுநாள் ஆரம்பிச்சது. காலைல தொழுதுட்டு உக்காருவேன். கட்டுரையைத் திறந்து, படத்தைச் சேர்த்து, சரியா ஒட்டியிருக்கான்னு பார்த்துட்டு அடுத்ததுக்குப் போவேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நூலகத்தோட முகப்புல ஒண்ணு வச்சாப் போதாதா? எல்லாரும் அதைத் தாண்டித்தானே உள்ள வரணும்?"

"முகப்புல மட்டும் வச்சா மத்ததெல்லாம் யாரோடதுன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

சிங்க் கடைசியாக எப்போது முழுசாக ஓடியது என்று பார்த்தேன். அவர் படங்களைச் சேர்க்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு தடவைகூட ஓடவில்லை. அத்தனை பாரத்தையும் ஒரே நேரத்தில் தூக்கப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் முதல் படியிலேயே விழுந்திருக்கிறது கம்ப்யூட்டர். விழுந்ததும் அவர் மறுபடி திறந்து அடுத்த படத்தைச் சேர்த்திருக்கிறார். இதை எப்படியாவது சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று பார்த்தேன். எனக்கு அந்தத் திறமை கிடையாது.

"ஹாஜி, இதுல ஒரு படம்கூடப் போய்ச் சேரல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல. பாரம் தாங்காமத்தான் நிக்குது."

அவர் திரையைப் பார்த்தார். "அப்போ இதைப் பார்த்து யாரும் ஓதல."

"இல்ல ஹாஜி."

"சரி" என்றார். இதற்குப் பதில் அவர் என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம். "எடுத்துட்டா ஓடுமா?"

"ஓடும். எல்லாம் ஒரே பேர்ல இருக்கு. மொத்தமாக் குறிச்சு ஒரே தட்டு. வேணும்னா சின்னதா ஒரு படம் பண்ணித் தர்றேன், அப்புறமா முகப்புல வச்சுக்கலாம்."

"ஒரே தட்டா" என்றார். பிறகு, ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவரைப் போலக் கேட்டார். "அப்போ நாளைக்குக் காலைல நான் எழுந்து என்ன செய்றது?"

சமையலறை வாசலில் உம்மு இனாஸ் தட்டோடு நின்றிருந்தார். எங்கேயாவது ஒரு கேலி விழும் என்று எதிர்பார்த்தேன். "எழுந்து ரொட்டி வாங்கிட்டு வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து தின்போம்" என்றார். ஹாஜி அவரைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் தலையை ஆட்டினார்.

தட்டினேன். கம்ப்யூட்டர் வெகுநேரம் அழித்துக்கொண்டிருந்தது. என் டிஸ்க்கிலும் படங்களை நீக்கி இடம் பண்ணிக்கொண்டு பாக்கி நகலையும் எடுத்து முடித்தேன். முதலில் தலைப்புகளையும் குறிப்புகளையும் மட்டும் சிங்க் செய்தேன், பிறகு கோப்புகளைக் கைப்பிடி கைப்பிடியாக அனுப்பினேன். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் போனபோது வேலை முடிந்திருந்தது. இனாஸ் கடைசி விடுமுறையில் ஸ்கேன் செய்து, அனுப்பி முடிக்காமல் விட்டிருந்த கட்டுரைகள் எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன. மேசையில் ரொட்டி இருந்தது.

போனது மட்டுமில்லை. வர வேண்டியதும் வந்திருந்தது. மாணவர்கள் மரியாதைக்கு டாக்டர் என்று அழைத்து, அந்த நூலகத்திலேயே இனாஸுக்குக் குறிப்பு எழுதிவைப்பது வழக்கமாம். ஒரு வருடக் குறிப்புகள் மஞ்சள் மஞ்சளாக வரிசையில் நின்றன. ஹாஜி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார்.

"'டாக்டர், நத்தை வரைபடங்கள் கிடைத்தன, நன்றி.' 'டாக்டர், ரொம்ப நாளாகப் புதிதாக எதுவும் வரவில்லை. எங்கள் மேல் கோபமா?' 'டாக்டர், உடம்புக்கு ஒன்றுமில்லையே?'"

கடைசிக் குறிப்பு அன்று மதியம்தான் வந்தது. சூடானில் கஸ்ஸலாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அதையும் அதே குரலில் வாசித்தார். "'திரும்பி வந்துவிட்டீர்களா டாக்டர். இன்றைக்கு நூலகத்தைத் திறந்து பார்த்து அழுதேவிட்டேன். அல்லாஹ் உங்கள் ஆயுளை நீட்டித் தரட்டும்.'"

உம்மு இனாஸ் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஹாஜி அதே குறிப்பை இன்னொரு முறை, சத்தமில்லாமல் வாசித்தார்.

"இவங்களுக்குத் தெரியாது" என்றார்.

"எப்படித் தெரியும்? படம் போகலையே."

"நல்லா எழுதியிருக்கா இந்தப் பொண்ணு."

"ஆமா ஹாஜி."

"பதில் போடணுமில்ல" என்றார். நான் அடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். புதுக் குறிப்பைத் திறந்ததும் கை நின்றது.

"மேல அவ பேர் வருதே."

"அவங்க கணக்குதானே. எது எழுதினாலும் அவங்க பேர்லதான் போகும்."

யோசித்தார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். 'நான் இனாஸின் தகப்பன். இனாஸ்' என்பது வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்குத்தான் நேரமானது. கீழே தெருவில் கேஸ் சிலிண்டர்க்காரன் இரும்பைத் தட்டிக்கொண்டு வந்தான், தட்டிக்கொண்டே தூரத்துக்குப் போனான். 'இறந்துவிட்டாள்' என்று அடித்தார். அதற்குக் கீழே, பாத்திஹா ஓதும்படி ஒரு வரி.

"எதை அமுக்கணும்?" என்று கேட்டார். ஒரு வருடம் முழுக்க ஒவ்வொரு படத்துக்கும் அவர் அமுக்கிய பொத்தான்தான் அது. நான் விரலால் காட்டினேன். அமுக்கினார்.

கம்ப்யூட்டர் இந்த முறை நிற்கவில்லை. சின்ன வட்டம் ஒன்று சுற்றி, நின்று, போய்விட்டது என்று காட்டியது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு ஹாஜி. எல்லாருக்கும் போயிருக்கும்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அவ்வளவுதான்" என்றார். "இனிமே தெரியாதவங்க யாரும் இல்ல."