கஞ்சித்துணிக் கட்டு

காலேஜ் பந்தாட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அண்ணனுடைய கால்களைத்தான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். நகம் பெயர்ந்திருந்தால் ஆட்டம் கடுமை, முழங்காலில் செம்மண் இருந்தால் விழுந்து எழுந்திருக்கிறார் என்று நானாகத் தெரிந்துகொள்வேன். ஜெயித்த நாளில் நொண்டிக்கொண்டே சிரிப்பார். கடைசியாக ஆடிய வருஷம் மூன்று தடவை அப்படிச் சிரித்தார்.

எங்களுடையது சேலத்தில் தறிக்கார வீடு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, ராட்டையில் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல்குச்சி, சுற்றிக்கொண்டிருந்தேன். அண்ணன் விடிகாலையில் தறிக்குழியில் இறங்கி இரண்டு முழம் நெய்துவிட்டுத்தான் காலேஜுக்குப் போகவேண்டும். அப்பாவை அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். படிப்புக்குச் சம்மதித்த அய்யன் பந்துக்குச் சம்மதிக்கவில்லை.

"தறி மிதிக்கிற காலுடா அது. ஒடிச்சுக்கிட்டு வந்தீன்னா அன்னைக்கே பொஸ்தகத்த அடுப்புல போட்டுருவேன்" என்பார்.

கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணனுக்கு வலது கணுக்கால் பிசகிவிட்டது. புழக்கடையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எலும்புக் கட்டுக்காரருகிட்டப் போனா அய்யனுக்குத் தெரிஞ்சிரும் சாமி. நீயே எதையாச்சும் கட்டி உடு."

"எனக்கென்னங்கண்ணா தெரியும்?"

"பாவுக்கே கஞ்சி போடுறவ, எங்காலுக்குப் போட மாட்டியா?"

பாவு நூல் விறைப்பாக நிற்கக் காய்ச்சிய கஞ்சி மீந்திருந்தது. பழைய சேலையைக் கிழித்து அதில் நனைத்து, குதிகாலிலிருந்து கெண்டைக்கால் வரை இறுக்கிச் சுற்றினேன். வெயிலில் காய்ந்ததும் பலகை மாதிரி நின்றது. அண்ணன் விரலால் தட்டிப் பார்த்தார்.

"டொக்கு டொக்குங்குது. இதுலயே ரெண்டு கோல் போடலாம் போ."

வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டார். தறியில் உட்கார்ந்துவிட்டால் கால் குழிக்குள் மறைந்துவிடும். வலது மிதிபலகை மட்டும் சற்றுச் சுணங்கி, தாமதமாக விழுந்தது. அய்யன் தன் தறிச் சத்தத்தில் அதைக் கவனிக்கவில்லை. ராட்டையடியில் இருந்த எனக்குக் கேட்டது.

ஆட்டத்தன்று காலையில் விரல்களைத் தொட்டேன். சில்லென்றிருந்தன. நீலச் சாயம் பட்டாற்போல நிறம்.

"அவுத்துரலாங்கண்ணா."

"சாயந்தரம் அவுக்கலாம். இப்ப வலியே இல்ல பாரு."

அவரை அழைத்துப்போக இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவர் வாசலில் நின்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, உங்கண்ணன் காலு நெசமாலுமே தேவலையா? இல்லீன்னா சொல்லு, வேற ஆள நிறுத்திக்கறோம்."

அந்நிய ஆண்பிள்ளைகளோடு நான் பேசியதே இல்லை. கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றேன். உள்ளே அய்யன் தறி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னையே பார்த்தார். தேவலை என்று தலையாட்டினேன்.

சாயந்தரம் மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். தோற்றுவிட்டார்களாம். கட்டு கத்தரிக்கு மசியவில்லை. வெந்நீர் ஊற்றி ஊறவைத்துத்தான் உரிக்க முடிந்தது. கஞ்சி காய்ந்தால் விறைக்கும் என்று தெரிந்த எனக்கு, உள்ளே வீங்குகிற காலுக்கு இடம் வேண்டும் என்று தெரியாமல் போயிற்று. கட்டைவிரலைக் கிள்ளினேன். அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் பார்த்துவிட்டு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

"எந்தப் படுபாவிடா இதக் கட்டுனவன்?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அய்யன் அழுதார்.

அண்ணன் சுவரைப் பார்த்தபடி, "காலேஜுல கட்டுனாங்க" என்றார்.

கட்டிலின் கால்மாட்டில் தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தேன். நான் வாய் திறக்கவில்லை. சாகிறவரைக்கும் அய்யன் அந்தக் காலேஜைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போதும் திறக்கவில்லை.

தறிக்கு இரண்டு கால் வேண்டும். அண்ணன் ராட்டையடிக்கு வந்தார், நான் குழியில் இறங்கினேன். சில நாள் ராட்டையை நிறுத்திவிட்டு என் மிதிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"வலது காலு சுணங்குது புள்ள" என்பார்.

நான் வலது மிதியை இன்னும் அழுத்தி மிதிப்பேன்.