தறிச் சத்தம் இல்லாத மண்டபம்

என் வீட்டுக்காரி பாட்டு கட்டுகிறவள். சொல்லும் மெட்டும் அவளுடையதுதான். எல்லாம் அம்மன் மேல். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் நான் பட்டு நெய்வேன், பின்கட்டில் அவள் பெண் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பாள். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இன்றும் மனசு குளிர்ந்துபோகிறது.

பாடம் எடுப்பதில் அவளுக்கு நல்ல பேர். ஆனால் அவள் கட்டின பாட்டுக்கு மேடையில் யாரும் இடம் தரவில்லை. "பெரியவங்க பாட்டே பாடி முடியல, புதுசு எதுக்கும்மா?" என்று அனுப்பிவிடுவார்கள். கடைசியில் எங்கள் தெரு அம்மன் கோயில் தர்மகர்த்தா, "நவராத்திரிக்கு ஒரே ஒரு பாட்டு பாடுங்க. நல்லா இருந்தா வருஷா வருஷம் உங்க பாட்டுதான்" என்றார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தாளம் விழுந்து, அரை இடம் தள்ளிப் பாட ஆரம்பிக்க வேண்டிய பாட்டு அது. வீட்டில் பிள்ளைகள் பிசகாமல் பாடினார்கள். நவராத்திரியில் கோயில் மண்டபத்தில் பாடும்போது ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பிந்தினாள், மற்றவர்கள் வாயே திறக்கவில்லை.

"இன்னாடி ஆச்சு?" என்றாள் இவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தறி சத்தம் கேக்கலையே மிஸ்!" முன்னால் இருந்த பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது. என் தறியில் பலகை இடிக்கிற சத்தத்தைக் கேட்டே பிள்ளைகள் பாட்டை எடுத்துப் பழகிவிட்டார்கள். மண்டபம் முழுக்க நெசவுக்காரர்கள், சிரிப்பு அடங்கவில்லை. "வூட்டுக்காரர தறியோட தூக்கியாந்திருக்கலாமில்ல!" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினாள். 'தாயே, அவளைக் கைவிட்டுடாதே' என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தன் பாட்டைத் தானே சபையில் பாடினவள் இல்லை அவள். அன்று கையைத் தட்டித் தாளம் போட்டு, தொண்டையைத் திறந்து, தனியாக எடுத்தாள். பல்லவி திரும்பி வந்தபோது பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். சிரித்தவர்கள் கையும் தாளம் போட்டது.

தீபாராதனை முடிந்ததும் தர்மகர்த்தா வந்தார். "அடுத்த வருஷமும் பாடணும்மா. நீங்களும் கூட உக்காந்து பாடணும்."

வீடு திரும்பும்போது அவள், "இனிமே அமாவாசையிலயும் கிளாஸ் வெச்சிக்கிறேன்" என்றாள். அமாவாசைக்கு நெசவுக்காரர்கள் நாங்கள் யாரும் தறியில் உட்கார மாட்டோம்.

"எனக்கு இருக்கிற லீவே அது ஒண்ணுதான்மா. தூங்க வேணாமா?"

"கண்ண மூடிக்கினு கேளுங்க. யாரு வேணான்னது?"

இப்போது அவள் பாட்டுகளை வெளியூரிலும் பாடுகிறார்கள், செல்போனில் பாடம் கேட்கிறார்கள். அமாவாசை வகுப்பும் அம்மன் புண்ணியத்தில் நடக்கிறது. பாயை விரித்துப் படுக்கிறேன். தூக்கம் மட்டும் வருவதில்லை.