சத்தத்துக்கு மட்டும் அரம்

ஓசூரில் எங்கள் ஷெட்டில் செய்வது மரப்பெட்டி. கம்பெனிகளில் தயாராகும் இயந்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் அடைத்து ஆணியடிக்கிற பெட்டி. பலகைகளை ஷெட்டிலேயே மிஷினில் அறுத்துவிடுவோம். கடைசிப் பொருத்தத்தை மட்டும் கம்பெனிக்கு உள்ளே போய்த்தான் செய்ய வேண்டும். கரண்டில் ஓடும் கருவி எதையும் கேட்டில் விடமாட்டார்கள், கை ரம்பம்தான். அதைப் பிடித்து அறுக்கிற ஆள் நான். ஆணியடிக்க இரண்டு பேர் கூட வருவார்கள். உள்ளே போகிறவனுக்கு ஷெட்டில் ஒரு மரியாதை உண்டு. பதினைந்து வருஷமாக அந்த மரியாதையில்தான் வண்டி ஓடியது.

மற்றவர்கள் கையில் இருப்பதெல்லாம் மழுங்கினால் தூக்கிப் போடுகிற ரம்பம். பிளாஸ்டிக் பிடி, கருநீலப் பல். அந்தப் பல்லில் அரம் ஏறாது, வழுக்கும். முதலாளி எனக்கும் ஒன்று கொடுத்தார். வாங்க மாட்டேன் என்றேன். என் ரம்பத்துக்கு நான்தான் முக்கோண அரத்தால் பல் பல்லாகக் கூர் போடுவேன், ஒவ்வொரு சனிக்கிழமை மதியமும். "ரம்பத்தை மாத்துற மாதிரி பொண்டாட்டியையும் மாத்துவியாடே?" என்று அவர்களைச் சீண்டாத வாரமே கிடையாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போன வருஷம் பல்லின் நுனி தெரியாமல் போனது. மழுங்கிய நுனி வெளிச்சத்தில் பொட்டாக மின்னும், அதைப் பார்த்துத்தான் அரம் போட வேண்டும். எனக்கு எல்லாப் பல்லும் ஒரே மங்கலாகத் தெரிந்தது. குத்துமதிப்பாக இழுத்தேன். ஒரு பக்கப் பல் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்தது. ரம்பம் கோட்டை விட்டு இடதுபக்கமே இழுத்தது. கண்ணாடி போடலாம்தான். போட்டால், பார்வை போன ஆளை எதற்கு உள்ளே அனுப்ப வேண்டும் என்று ஷெட்டில் ஆணியடிக்க உட்கார்த்திவிடுவார்களோ என்று பயந்தேன். ராத்திரியெல்லாம் புரண்டேன். பஸ்ஸில் யாராவது கையில் போனை நீட்டி, "இதைக் கொஞ்சம் படிங்க" என்றால்கூட அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவேன்.

கடைசியில் பாகலூர் ரோட்டில் ஒரு கடையில், நான் சீண்டிய அதே ரம்பத்தை வாங்கினேன். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி என் பழைய மரப்பிடியைப் பொருத்தினேன். தகட்டில் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரை உப்புத்தாளால் தேய்த்து அழித்தேன். பல்லின் நீலம் தெரியாமல் சாக்குக்கட்டியைப் பூசினேன். திருடன்கூட இத்தனை மெனக்கெட மாட்டான்.

சனிக்கிழமைதான் பெரிய பாடு. அரம் போடாவிட்டால் சந்தேகம் வரும். எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியில் ரம்பத்தை வைத்துக்கொண்டு, அதன் அடியில் ஒரு துண்டு இரும்புப் பட்டையை மறைத்துச் சத்தத்துக்காக அதில் அரத்தை இழுத்தேன். அரைமணி நேரம் இழுப்பேன். காலடிச் சத்தம் கேட்டால் பிடரி வேர்க்கும்.

ஆயுதபூஜை வாரத்தில், என்னோடு உள்ளே வந்து ஆணியடிக்கிற பெண் ஒரு பழைய ரம்பத்தை நீட்டினாள். கர்நாடக எல்லையில் தளி ஊர்ப் பக்கத்துக்காரி, வீட்டில் கன்னடம். "அண்ணா, எங்க ஊட்டு ரம்பம். அரம் போட்டுக் குடுங்கண்ணா, பூஜைக்கு வெக்கணும்."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நாலு நாள் சாக்குச் சொன்னேன். ஐந்தாம் நாள் காலை மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்து உண்மையாகவே இழுத்தேன். பாதியில் விரலால் தடவிப் பார்த்தேன். ஏற்கெனவே இருந்த பல்லையும் கெடுத்திருந்தேன். அரத்தைத் தூக்கி எறிந்தேன். அது தண்ணீர் டேங்கில் பட்டு விழுந்தது. பிறகு நானே போய்ப் பொறுக்கி வந்தேன்.

பூஜையன்று ஷெட்டைக் கழுவி, கருவிகளைப் பலகையில் வரிசையாக வைத்து எல்லாரும் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார்கள். அவளைத் தனியே கூப்பிட்டு ரம்பத்தைக் கொடுத்தேன்.

"கெடுத்துட்டேன்மா. எனக்குக் கண்ணு தெரியல. நான் வச்சிருக்கறதும் கடை ரம்பம்தான்."

அவள் ரம்பத்தைப் பார்க்கக்கூட இல்லை. "தெரியும்ணா."

"எப்படி?"

"முன்ன உங்க அறுப்பு கோணக் கோணயா வரும். நீங்க அந்தாண்ட போனதும் நாங்க ரெண்டு பேரும் சந்துல மெல்லிசா மரப்பட்டி சொருகி ஆணியடிப்போம். ஆறு மாசம் அடிச்சோம். இப்ப ரெண்டு மாசமா நேரா வருது. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த ஆறு மாதத்தில் ஒரு தடவையாவது முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

"அப்புறம் எதுக்கு இதக் கொண்டாந்து குடுத்தே?"

"துருப்புடிச்சுக் கெடந்ததுண்ணா, கெட்டா கெட்டுட்டுப் போவுது. நீங்களா வாயத் தொறந்து சொல்லட்டும்னுதான். சனிக்கெழம ஆனா அந்த இரும்ப ராவுறீங்களே, காது கூசுதுண்ணா." பிறகு கொஞ்சம் குரலைத் தணித்தாள். "நாளன்னிக்கி உள்ள போறோம்ல? இனிமே அளவும் கோடும் நான் போடறேன். நீங்க அறுங்க."

நன்றி சொல்லத் தோன்றியது. அதை மறைக்க எனக்குத் தெரிந்தது கோபம்தான்.

"கோட்டைத் தடிமனாப் போடு," என்றேன்.